வழி சொல்லும் மெஷின் வாங்குவதற்கு முன்

குமரா,

காரில் வைத்து வழி பார்க்கும் மெஷின்கள் ஐந்தின் பட்டியலை நேற்று மதியம் வாட்ஸ்ஆப்பில் அனுப்பியிருந்தாய். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மூன்று முறை படித்தேன். திரை எத்தனை அங்குலம், மேப் உள்ளேயே இருக்கிறதா நெட் வேண்டுமா, வருடா வருடம் மேப்பைப் புதுப்பிக்கக் காசு கேட்பார்களா, தமிழில் பேசுமா, போகிற ரோட்டில் நெரிசல் இருந்தால் முன்கூட்டியே சொல்லுமா, வண்டியைப் பின்னால் எடுக்கும்போது கேமரா தெரியுமா என்றெல்லாம் கட்டம் போட்டு எழுதி, ஒவ்வொன்றின் கீழும் விலையைப் போட்டிருந்தாய். பள்ளிக்கூடத்திலிருந்தே உனக்கு இந்தக் கட்டம் போடும் புத்தி உண்டு. பட்டியலில் ஒரு குறையும் இல்லை. கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தாய் பார், "விலையப் பாக்காம சொல்லு நைனா, ஒருவாட்டி விலை பாத்து வாங்கினதே போதும்" என்று. அதைப் படித்துவிட்டுப் போட்ட சோற்றைத் தட்டோடு மூடி வைத்தேன்.

தை மாதம் உனக்குக் கல்யாணம். கவிதாவை உட்கார வைத்து ஓட்டப் போகிற புதுக் காருக்கு, அந்த ஐந்தில் எது விலை அதிகமோ அதைத்தான் வாங்குவாய். ஏன் என்று எனக்குத் தெரியும். எனக்கு நீ வாங்கிக் கொடுத்த விலை குறைந்த மெஷின் தப்பான வழியைக் காட்டியதால்தான் உன் அம்மாவை நேரத்துக்கு ஆஸ்பத்திரியில் சேர்க்க முடியவில்லை, நாலாயிரம் ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் அம்மாவைக் கொன்றுவிட்டோம் என்று இரண்டு வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறாய். அது அப்படி இல்லை, குமரா. அந்த மெஷின் மேல் ஒரு குற்றமும் இல்லை, உன் மேலும் இல்லை. உன்னிடம் பொய் சொன்னது நான். அதை ஒரே வரியில் எழுதி முடித்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என் பழக்கம் என்று உனக்கே தெரியும், கொஞ்சம் பொறுத்துப் படி.

நான் பெரிய படிப்புப் படித்தவன் இல்லை. மண்ணூர்பேட்டையில் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டவரின் மகன். ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் பஸ் டிரைவர் வேலை கிடைத்தபோது எங்கள் தெருவே வந்து என் காக்கிச் சட்டையைத் தொட்டுப் பார்த்தது. முப்பத்தோரு வருடம் ஓட்டினேன். அம்பத்தூரில் ஆள் ஏற்றி, திருமுல்லைவாயல் வழியாகக் கொண்டுபோய், சங்கு ஊதுவதற்கு முன் உள்ளே இறக்கிவிட வேண்டும். ஒரு நாள்கூட என் பஸ்ஸால் யாருக்கும் அரை நாள் சம்பளம் போனதில்லை. மழைக்காலத்தில் எந்தத் தெருவில் முட்டி வரை தண்ணீர் நிற்கும், எந்தக் கோயில் திருவிழாவுக்கு எந்த ரோட்டை அடைப்பார்கள் என்று எனக்கு மனப்பாடம். ஆபீசர்களே என்னிடம் வழி கேட்பார்கள். உலகத்தில் எனக்கென்று இருந்த ஒரே கௌரவம் அதுதான். வீட்டில் உன் அம்மா சொன்னதை நான் கேட்காமல் போனதற்கெல்லாம்கூட அந்தக் கௌரவம்தான் காரணம். ரேஷன் கடையில் எந்த வரிசை சீக்கிரம் நகரும் என்பதில்கூட நான் சொன்னதே சட்டம் என்று நின்றவன் நான்.

ரிட்டையர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, தொழிற்சாலை எஸ்டேட்டுக்குப் பின்பக்கம் நாம் வாங்கியிருந்த மனையில் இந்த வீட்டைக் கட்டினோம். பழைய கார் ஒன்று வாங்கினேன். அம்மாவை வெள்ளிக்கிழமை தோறும் மாங்காட்டு அம்மன் கோயிலுக்குக் கூட்டிப் போவேன். ஒரு வெள்ளிக்கிழமை, சென்னீர்குப்பத்தில் பாலத்துக்குக் கீழே திரும்ப வேண்டியவன் மேலே ஏறிவிட்டேன். அதற்குப் பிறகு திரும்பவே இடமில்லை. எங்கேயோ பெங்களூர் ரோட்டில் பாதி தூரம் போய்த் திரும்பி வந்து சேர்வதற்குள் நடை சாத்திவிட்டார்கள். அம்மா அதை உன்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். "உங்க நைனா என்னை பெங்களூருக்குக் கட்டிக் குடுக்கப் பாத்தாருடா" என்றாள். நீ சிரிக்கவில்லை. ரோடெல்லாம் மாறிவிட்டது, மெட்ரோவுக்குத் தோண்டியதில் பழைய வழி எதுவும் இல்லை, நைனாவுக்கு ஒரு மெஷின் வாங்க வேண்டும் என்று அடுத்த ஞாயிற்றுக்கிழமையே எங்கள் இருவரையும் அம்பத்தூரில் அந்தக் கடைக்குக் கூட்டிப் போனாய்.

அந்தக் கடைக்காரரை உனக்கு ஞாபகம் இருக்கும், எப்படி மறப்பாய். ஒல்லியாக, சட்டைப் பையில் ஸ்க்ரூடிரைவரோடு இருப்பார். இரண்டு மெஷினை எடுத்துக் கண்ணாடி மேல் வைத்தார். பெரியதில் சிம் போட வேண்டும், நெரிசலை அந்தந்த நேரத்துக்குச் சொல்லும், பின்னால் கேமரா மாட்டலாம். சின்னதில் அது ஒன்றும் கிடையாது. மேப் உள்ளேயே இருக்கும், நெட் வேண்டாம், தமிழில் பேசும், அவ்வளவுதான். நீ பெரியதைத்தான் கையில் எடுத்தாய். நான்தான் உன் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தேன். "இன்னாத்துக்குடா எனக்கு இது? ரோடு சொல்லிக் குடுக்க எனக்கே ஆளு வேணுமா? சும்மா பேருக்கு ஒண்ணு மாட்டு" என்றேன். போனிலேயே பார்த்துக்கொள்ளலாமே என்று நான் கேட்டதற்கு, ஓட்டும்போது நடுவில் போன் வந்தால் மேப் மறைந்துவிடும், நைனா குழம்பிப் போவார், தனி மெஷின்தான் சரி என்று நீ பொறுமையாகச் சொன்னாய். அம்மா சின்ன மெஷினைக் காதோரம் வைத்துக் கேட்டுவிட்டு, "இதுவே இருக்கட்டும், இவ நல்லா மரியாதையா பேசறா" என்றாள். ஆக, சின்னதை எடுக்கச் சொன்னது நானும் அம்மாவும். இரண்டு வருடமாக நீ உன்னை நொந்துகொள்ளும்போது இந்த ஒரு விஷயத்தையாவது நான் எடுத்துச் சொல்லியிருக்கலாம். அதைக்கூடச் சொல்லவில்லை.

மெஷின் வந்த பிறகு காரில் நாங்கள் மூன்று பேர் ஆனோம். அது "இருநூறு மீட்டரில் இடதுபுறம் திரும்பவும்" என்று சொன்னால் அம்மா "சரிம்மா" என்பாள். நான் அது சொன்ன வழியில் திரும்பாமல் நேரே போனால் அது கோபித்துக்கொள்ளாமல் வேறு வழி தேடும். "பாருய்யா, நீ எத்தினிவாட்டி பேச்சைத் தட்டினாலும் பொறுமையா சொல்லிகினு கீறா. நானா இருந்தா எறங்கிப் போயிகினே இருப்பேன்" என்பாள். அந்த எட்டு மாதம் நாங்கள் சந்தோஷமாக இருந்தோம் என்று இப்போதுதான் தெரிகிறது. அந்தப் பேச்சைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்தாலும், உள்ளுக்குள் ஒரு எரிச்சலும் இருந்தது. முப்பத்தோரு வருடம் ஓட்டியவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு என் பெண்டாட்டி ஒரு டப்பாவைப் பாராட்டுகிறாளே என்று. சின்னத்தனம்தான். எழுதுவதற்கு வெட்கமாக இருக்கிறது.

எஸ்டேட்டின் உள்ரோடு உனக்குத் தெரியும். நம் வீட்டுப் பக்கம் இருக்கும் மூன்றாம் கேட்டில் நுழைந்தால் குவார்ட்டர்ஸ் வழியாக நேராக அந்தப் பக்கம் மெயின் ரோட்டில் போய் ஏறிவிடலாம். வெளியே சுற்றிப் போவதில் பாதி தூரம்தான். என் பஸ் வருகிறது என்றால் நான் பிரேக்கில் கால் வைப்பதற்கு முன்பே கேட் திறக்கும். அந்தப் பெருமையை எத்தனை முறை உன்னிடம் அளந்திருக்கிறேன். மெஷினில் எஸ்டேட் இருக்கும் இடம் மட்டும் ஒரு கோடுகூட இல்லாமல் வெள்ளையாக இருக்கும். பாதுகாப்பு இடம், மேப்பில் போட மாட்டார்கள். அதைக் காட்டி அம்மாவிடம், "பாத்தியா, உன் ஆளுக்கு இது தெரியாது" என்று கேலி செய்வேன். தெரியாத இடத்தைத் தெரியாது என்று அது வெறுமனே விட்டிருந்தது. எனக்கு அந்த அடக்கம் வரவில்லை.

இதற்கு அடுத்ததுதான் எழுதக் கை வராத இடம். அம்மாவுக்கு நெஞ்சு வலி வருவதற்கு மூன்று வாரம் முன்னால் பென்ஷன் விஷயமாக பேங்க்குப் போயிருந்தேன். அங்கே என்னோடு பஸ் ஓட்டிய ஆறுமுகம் இருந்தான். பேச்சுவாக்கில், "மூணாம் கேட்டு இப்ப ஷிப்ட்டு டைமுக்கு மட்டும்தான் தொறக்கறான், தெரியுமா? பாஸ் இல்லாம ஒரு வண்டியும் உட மாட்டேன்றான். ரிட்டேர் ஆனவன்லாம் வெளியாளுதானாம்" என்றான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அதெல்லாம் உனக்குடா. என் மூஞ்சியப் பாத்தா தொறப்பான்" என்றேன். ஆறுமுகம் சிரித்தான். நானும் சிரித்தேன். ஆக எனக்குத் தெரியும், குமரா. தெரியாமல் போகவில்லை.

அன்றைக்குக் காலை பத்து மணி இருக்கும். அம்மா துணி காயப்போட்டுவிட்டு உள்ளே வந்து, முதுகெல்லாம் வலிக்கிறது, இடது கை கனக்கிறது என்றாள். வேர்த்துக் கொட்டியது. பக்கத்து வீட்டு டீச்சர் ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணட்டுமா என்று கேட்டார். "அது வர்றதுக்குள்ள நான் ஆஸ்பத்திரியில இருப்பேன்" என்றேன். காரில் முன்சீட்டில் உட்கார வைத்தேன். அந்த அம்பத்தூர் ஆஸ்பத்திரியை நீதான் மெஷினில் முன்கூட்டியே போட்டு வைத்திருந்தாய், ஒரு தட்டுத் தட்டினால் போதும். தட்டினேன். அதுவும் வழியைக் காட்டியது. தெருமுனைக்கு வந்ததும் "இடதுபுறம் திரும்பவும்" என்றது. இடதுபுறம் என்றால் வெளியே சுற்றும் ரோடு. மூன்றாம் கேட்டுக்கு வலதுபுறம் போக வேண்டும். நான் வலதுபுறம் திருப்பினேன். அது திரும்பவும் சொன்னது. என்னால் அந்தக் குரலைத் தாங்க முடியவில்லை, பொத்தானை அமுக்கி அதன் வாயை மூடினேன். அம்மா கண்ணைத் திறக்காமல், "அவ சொல்றதக் கேளுய்யா" என்றாள். சத்தமாகக்கூட இல்லை. நான் கேட்கவில்லை. "உள்ரோட்டுல போனா பத்தே நிமிஷம், நீ பேசாம இரு" என்றேன்.

கேட் மூடியிருந்தது. காவலுக்கு நின்ற பையனுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும், தமிழ் தெரியாத வடநாட்டுக்காரன். பாஸ் என்றான். நான் பஸ் டிரைவர், முப்பத்தோரு வருடம், இந்தக் கேட், இந்தக் கேட் என்று எனக்குத் தெரிந்த இந்தியிலும் தமிழிலும் மாற்றி மாற்றிச் சொன்னேன். என் பழைய அடையாள அட்டையை எடுத்து நீட்டினேன். மூலை வெட்டிக் கொடுத்த அட்டை, ரிட்டையர் ஆனால் அப்படித்தான் வெட்டிக் கொடுப்பார்கள். அவன் காருக்குள் எட்டி அம்மாவைப் பார்த்தான். அவன் முகம் மாறிவிட்டது. ஓடிப்போய்ப் போன் போட்டான், மேலே யாரையோ கேட்டான், காத்திருக்கச் சொன்னான், மறுபடி போன் போட்டான். தண்ணீர் பாட்டில் கொண்டுவந்து கொடுத்தான். அவனைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அவனாகத் திறக்க அவனுக்கு அதிகாரம் கிடையாது. அதை அப்போதே புரிந்துகொண்டு வண்டியைத் திருப்பியிருந்தாலாவது பாதி நேரம் மிஞ்சியிருக்கும். யாராவது தெரிந்த முகம் வரும், என்னைப் பார்த்ததும் திறக்கச் சொல்லும் என்று நின்றேன். பதினைந்து நிமிடம் நின்றேன். ஒரு முகமும் வரவில்லை. எனக்குத் தெரிந்த முகங்களெல்லாம் என்னைப்போலவே வெளியாள் ஆகிவிட்டன என்று அந்தக் கேட்டுக்கு முன்னால் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது.

வண்டியைப் பின்னால் எடுத்தேன். அசைவு தெரிந்ததும் அம்மா, "தொறந்துட்டானாய்யா?" என்று கேட்டாள். "தொறந்துட்டான், போறோம்" என்றேன். ரிவர்ஸ் எடுத்துக்கொண்டே சொன்னேன். அதற்குப் பிறகு அவள் ஒன்றும் பேசவில்லை. திரும்பி வந்து மெஷின் முதலில் சொன்ன அதே ரோட்டில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அந்த ரோடு காலியாக இருந்தது. ஒரு சிக்னலில்கூட நான் நிற்கவில்லை.

டாக்டர் வெளியே வந்து, கொஞ்சம் முன்னால் கொண்டு வந்திருக்கலாமே என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். நீ ஸ்ரீபெரும்புதூரிலிருந்து கம்பெனி யூனிபாரத்தோடு ஓடி வந்தாய். "ஏன் நைனா லேட்டு? ஏன் லேட்டு?" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினாய். உண்மையைச் சொல்ல வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். "அந்த மெஷினு சுத்த வச்சிடுச்சுடா" என்று வந்தது. திட்டம் போட்டுச் சொன்னதில்லை. ஆனால் நீ அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, "நான்தான், அந்தப் பெருசை வாங்கியிருந்தா, நான்தான்" என்று தலையில் அடித்துக்கொண்டபோது, இல்லைடா என்று சொல்ல எனக்கு முழுசாக அவகாசம் இருந்தது. உன் கையை மட்டும் பிடித்துக்கொண்டேன். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே பாவம் பண்ணியவனே பழியைத் தூக்கிப் பெற்ற பிள்ளை தலையில் வைத்தான்.

காரியம் முடிந்த மறுநாள் நீ அந்த மெஷினைப் பிடுங்கி எடுத்துக்கொண்டு கடைக்குப் போனாய். நானும் கூட வந்தேன், உள்ளே வரவில்லை, வாசலில் நின்றேன். "உன் மெஷினு எங்க அம்மாவைக் கொன்னுடுச்சுய்யா" என்று நீ கத்தியது தெருவுக்கே கேட்டது. அந்த மனிதர் பணத்தைத் திருப்பி எடுத்து நீட்டினார், நீ அதைத் தட்டிவிட்டு வந்தாய். நான் வாசலில் ஒரு ஓரமாக நின்று வண்டிகளை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதையும் சொல்லிவிடுகிறேன், இதுதான் எல்லாவற்றையும்விட மோசமானது. அதற்கு முன்னால் நீ வாரத்துக்கு ஒரு முறை போன் பண்ணினால் அதிகம். அம்மா போன பிறகு தினமும் காலையில் பண்ணுகிறாய். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருகிறாய், மீன் வாங்கி வந்து நீயே கழுவிக் குழம்பு வைக்கிறாய். நீ எனக்கு ஒரு கடனும் படவில்லை, ஆனால் பட்டவன் மாதிரி நடந்துகொள்கிறாய். உன் குற்ற உணர்ச்சிதான் உன்னை என் வாசலுக்கு இழுத்து வருகிறது என்று எனக்குத் தெரியும். உண்மையைச் சொன்னால் அது நின்றுவிடும் என்றும் தெரியும். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன், நீ கிளம்பிப் போகும்போது அடுத்த வாரம் என்று நினைப்பேன். பெண்டாட்டியைத் தொலைத்துவிட்டு, அந்தச் சாவை வைத்தே பிள்ளையைப் பிடித்து வைத்துக்கொண்டு சாப்பிட்டிருக்கிறேன். இதைவிடக் கேவலமாக ஒரு தகப்பன் இருப்பானா என்று எனக்குத் தெரியவில்லை.

நேற்று உன் பட்டியலைப் படித்த பிறகு வீட்டில் இருக்க முடியவில்லை. சாயங்காலம் பஸ் ஏறி அந்தக் கடைக்குப் போனேன். அவருக்கு என்னை அடையாளம் தெரிந்தது. உட்காரச் சொன்னார். நான் பேசுவதற்கு முன்பே, "அன்னியிலேருந்து அந்த மாடலை நான் விக்கிறதேயில்லண்ணே. கம்பெனிக்காரன் சண்டை போட்டான், அப்பவும் வாங்கலை" என்றார். அவரும் அந்தச் சாவைச் சுமந்துகொண்டுதான் இருந்திருக்கிறார். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு வேற்று மனிதரிடம்தான் என்னால் முதலில் சொல்ல முடிந்தது. வாடிக்கையாளர் இரண்டு பேர் வந்து நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். முழுதும் கேட்டுவிட்டு அவர் சட்டைப் பையிலிருந்த ஸ்க்ரூடிரைவரை எடுத்துக் கண்ணாடி மேல் வைத்தார். பிறகு, "உங்க புள்ளைக்குத் தெரியுமா?" என்றார். தெரியாது என்றேன். "அப்ப என்கிட்ட இன்னாத்துக்கு மன்னிப்பு கேக்குறீங்க? மொதல்ல அவன்கிட்ட போங்க. அந்தப் புள்ள அன்னிக்கு அழுத அழுகை இன்னும் என் காதுலயே கீது" என்றார். எழுந்து வந்துவிட்டேன். அவர் என்னை மன்னித்ததாக எனக்குத் தோன்றவில்லை.

இனி நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன், கேட்டவனுக்குச் சொல்ல வேண்டுமே. உன் பட்டியலில் முதலாவதும் ஐந்தாவதும் வேண்டாம். ஐந்தாவதில் திரை பெரியது, பாட்டு வரும், படம் வரும், வெயிலில் நிறுத்திய காரில் அது எத்தனை நாள் தாங்கும் என்று கடைக்காரருக்கே தெரியாது. அவ்வளவு பெரிய திரை ரோட்டை மறைக்கும். முதலாவது சக்கைதான், வருடா வருடம் மேப்புக்குக் காசு பிடுங்குவான். நடுவில் இருக்கும் மூன்றாவதை வாங்கு. நெரிசல் சொல்கிறது, நெட் போனாலும் உள்ளே இருக்கும் மேப் நிற்காது, தமிழில் பேசுகிறது, மேப்பைப் புதுப்பிக்கக் காசு இல்லை. கண்ணாடியில் ஒட்டுகிற ரகம் வேண்டாம், நம் ஊர் வெயிலில் இளகி மடியில் விழும், டேஷ்போர்டில் திருகி மாட்டச் சொல். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் பொத்தான் திரைக்கு உள்ளே இல்லாமல் வெளியே இருக்கிறதா என்று பார். வாயை மூடும் பொத்தான் கைக்கு எட்டாத மாதிரி ஒன்றைச் செய்வானா என்று அவரிடம் கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. விலை பார்த்து வாங்கு, குமரா. விலை பார்ப்பது தப்பில்லை. நாலாயிரம் ரூபாய் அதிகம் கொடுத்திருந்தால் அந்தப் பெரிய மெஷினும் தெருமுனையில் இடதுபுறம் என்றுதான் சொல்லியிருக்கும், நான் அதன் வாயையும் அமுக்கியிருப்பேன்.

உனக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கு இல்லை. இருந்தாலும் கல்யாணம் ஆகப் போகிறவன், ஒன்று மட்டும் கேட்டுக்கொள். கவிதா பக்கத்தில் உட்கார்ந்து வேறு வழியில் போகலாம் என்று சொன்னால், உனக்கு எவ்வளவு நன்றாகத் தெரிந்த ரோடாக இருந்தாலும் அவள் சொன்ன வழியில் ஒரு முறை திரும்பு. தப்பாகப் போனால் போகட்டும், சிரித்துக்கொண்டே திரும்பி வரலாம். அம்மா எனக்கு அப்படித்தான் இருந்தாள், பெங்களூர் ரோடு வரை கொண்டுபோனதற்கும் சிரித்தாள். என்னால் ஒரே ஒரு முறைகூட அவளுக்கு அப்படி இருக்க முடியவில்லை.

இந்தக் கடிதத்தைப் போனில் அனுப்பாமல் தபாலில் போடுகிறேன். போனில் அனுப்பினால் நீ படித்துவிட்டாய் என்று நீலக் கோடு காட்டும், அதற்குப் பிறகு உன் பதிலுக்காக அதையே பார்த்துக்கொண்டிருக்க எனக்குத் தைரியம் இல்லை. நாளைக் காலை நீ போன் பண்ணுவாய், நான் ஒன்றும் நடக்காதது போல்தான் பேசுவேன். நாளை மறுநாளும் பண்ணுவாயாக இருக்கும். அதற்கு அடுத்த நாள் கடிதம் வந்து சேர்ந்துவிடும், உன் போன் வராது என்று எடுத்துக்கொண்டேன். வராவிட்டால் நான் உன்னைத் தேடி மாங்காட்டில் உன் ரூமுக்கு வர மாட்டேன், யாரையும் தூது அனுப்ப மாட்டேன். எனக்கு வயதாகிவிட்டது, உடம்பு சரியில்லை என்று சொல்லி உன்னை வரவழைக்கவும் மாட்டேன். அந்த வேலையை இரண்டு வருடம் செய்தது போதும்.

கல்யாணப் பத்திரிகை இன்னும் அச்சுக்குப் போகவில்லை என்று சொன்னாய். அம்மா பெயருக்குப் பக்கத்தில் என் பெயரைப் போட வேண்டுமா வேண்டாமா என்று நீயே முடிவு செய். வேண்டாம் என்றால் எனக்கு விளக்கம் எழுத வேண்டாம், போன் பண்ணவும் வேண்டாம். அச்சடித்து வந்ததும் யாரிடமாவது ஒன்றைக் கொடுத்து அனுப்பு. நானே பார்த்துத் தெரிந்துகொள்கிறேன்.